டப்பா முதலில் வந்தது, திறப்பான் பிறகு வந்தது: அன்றாடப் பொருள்கள் எதற்காகக் காத்திருந்தன?

பழம்பொருள் பிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அன்றாடப் பொருள்களின் கதை என்று நாம் படிப்பவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. யாரோ ஒருவர் தற்செயலாக எதையோ கவனிக்கிறார், மூளையில் பொறி தட்டுகிறது, மறுநாளே பொருள் கடைக்கு வந்துவிடுகிறது. கேட்கச் சுவையாக இருந்தாலும், இவ்வகைக் கதைகள் உண்மையில் வியக்க வேண்டிய பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன என்பது என் கருத்து. ஒரு பொருளைப் பற்றிய எண்ணம் தோன்றியதற்கும், அது உருப்படியாகப் பயன்படும் நிலையில் நம் கைக்கு வந்ததற்கும் இடையே பல நேரங்களில் ஒரு தலைமுறையே கடந்திருக்கிறது. அந்த இடைவெளியில் அது எதற்காகக் காத்திருந்தது என்று கேட்டுப் பார்ப்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தகர டப்பாவிலிருந்து தொடங்குவோம். உணவை நெடுங்காலம் கெடாமல் வைத்திருக்கும் முறையைக் கண்டறிந்த நிக்கோலா அப்பேருக்குப் பிரெஞ்சு அரசு 1810இல் 12,000 பிராங்கு பரிசளித்தது. முறையை மறைக்காமல் நூலாக வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. அவர் கையாண்டவை கண்ணாடிக் குப்பிகள். அதே ஆண்டில் பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் தகரக் கலங்களையும் உள்ளடக்கிய காப்புரிமையைப் பெற்றார். 1813இல் லண்டனின் பெர்மாண்ட்சி பகுதியில் பிரையன் டான்கினின் தொழிற்சாலை டப்பா உணவைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த டப்பாவைத் திறப்பதற்கென்று ஒரு கருவி வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று: ராபர்ட் யேட்ஸின் திறப்பான் இங்கிலாந்தில் 1855இல், எஸ்ரா வார்னரின் காப்புரிமை அமெரிக்காவில் 1858இல். அதுவரை டப்பாவை உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டித் திறக்குமாறு அதன் மேலேயே குறிப்பு எழுதியிருந்தார்கள்.

இதைப் படித்தவுடன் அக்காலத்தவரின் அறியாமையை நினைத்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அன்றைய டப்பா, தகரம் பூசிய தடித்த இரும்புத் தகட்டைக் கையால் வளைத்துப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. மணிக்கட்டின் வலிமைக்கு வெட்டுப்படக்கூடிய மெல்லிய தகடு வரும் வரை திறப்பான் என்ற கருவிக்கு வேலையே இல்லை. அதாவது, திறப்பான் ஒரு மேதைக்காகக் காத்திருக்கவில்லை. மெல்லிய தகட்டுக்காகக் காத்திருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்று புகாததால்தான் உணவு கெடவில்லை என்றே அப்பேர் காலத்தில் கருதினார்கள். வெப்பம் நுண்ணுயிரிகளைக் கொல்வதே காரணம் என்பது லூயி பாஸ்டரின் ஆய்வுகளுக்குப் பிறகுதான் தெளிவாயிற்று. காரணம் தெரியாமலேயே அரை நூற்றாண்டுக் காலம் ஒரு தொழில் சரியாக நடந்திருக்கிறது.

நண்பர்கள் தங்களுக்குத் தெரிந்த பொருள்களை எழுதும்போது இந்தக் கேள்வியை மறவாமல் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சோதனைக்குழாய்

நல்ல கேள்வி. என் பங்குக்குத் தீக்குச்சியைக் கொண்டுவருகிறேன்.

உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியைவிடச் சிகரெட் லைட்டரின் மூதாதை வயதில் மூத்தது என்றால் பலர் நம்புவதில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் டோபெரைனர் 1823இல் அமைத்த விளக்கில் துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜனை வெளியிடும். அந்த வாயு நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மீது பட்டவுடன் தானாகத் தீப்பிடிக்கும். இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் தம் உரசல் குச்சிகளை விற்கத் தொடங்கியது 1827இல்தான். அவர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவேயில்லை. மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்து வேறு பெயரில் விற்றார்கள்.

வாக்கரின் குச்சி எளிதில் பற்றாது. மடித்த உப்புத்தாளுக்கு நடுவே வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். 1830களில் அந்தக் கலவையில் வெண் பாஸ்பரஸ் சேர்ந்த பிறகு எந்தச் சொரசொரப்பான பரப்பிலும் பற்றியது, விற்பனையும் பெருகியது. கூடவே அந்த ஆவியை நாள் முழுவதும் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகத் தொடங்கியது. லண்டனில் பிரையண்ட் அண்ட் மே தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் 1888இல் நடத்திய வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதன் பின்னணியில் அபராதங்களும் குறைந்த கூலியும் இருந்ததோடு இந்த நோயும் இருந்தது.

இனி ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். குச்சியின் தலையில் பாஸ்பரஸ் இல்லை. அங்கே இருப்பவை முதன்மையாகப் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும். பாஸ்பரஸ், அதுவும் நச்சற்ற சிவப்பு வகை, கண்ணாடித்தூளோடு சேர்ந்து பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கிறது. சேர்ந்தால் தீப்பிடிக்கும் இரண்டைப் பிரித்து வைப்பதே பாதுகாப்பின் அடிப்படை. உரசும்போது எழும் வெப்பத்தில் பட்டையின் மிகச் சிறு துணுக்கு வெண் பாஸ்பரஸாக மாறி எரிந்து, குச்சியின் தலையைப் பற்றவைக்கிறது. பழைய பெட்டியின் பட்டை தேய்ந்துவிட்டால் நல்ல குச்சியும் பற்றாமல் போவது இதனால்தான்.

ஸ்வீடன் வேதியியலாளர் குஸ்தாஃப் எரிக் பாஷ் இந்தப் பிரிப்பு முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1850களில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, பாதுகாப்பான தீக்குச்சி கையில் இருந்தது. இருந்தும் நச்சுக் குச்சி இன்னும் ஐம்பது ஆண்டுகள் விற்பனையில் இருந்தது, ஏனெனில் அது மலிவானது, எங்கு உரசினாலும் பற்றியது. வெண் பாஸ்பரஸைத் தீக்குச்சியில் பயன்படுத்துவதைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்பாடு பெர்ன் நகரில் கையெழுத்தானது 1906இல். இங்கே பொருளுக்குக் குறைவாக இருந்தது அறிவன்று, சட்டம்.

உலோகப் பட்டறை

இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆயினும் எல்லாப் பொருளும் எதற்கோ காத்திருந்தது என்று பொதுவிதி வகுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வால்ட்டர் ஹண்ட் 1849 ஏப்ரலில் காப்புரிமை பெற்ற அந்தப் பொருளின் வடிவம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளிலிருந்து கிடைத்திருக்கிறது: ஆடையைப் பிணைக்கும் வெண்கல ஊசி, ஒரு முனையில் சுருண்ட கம்பி, மறுமுனையில் கொக்கி. ரோமானியர்கள் அதை அன்றாடம் அணிந்தார்கள். காத்திருக்க என்ன இருந்தது? பொருள் இருந்தது, மறந்தார்கள், ஒருவர் மீண்டும் செய்தார். சிறு கடன் ஒன்றை அடைப்பதற்காக அதன் உரிமையை ஹண்ட் 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பதுதான் இங்கே உள்ள ஒரே வியப்பு.

பழம்பொருள் பிரியர்

உலோகப் பட்டறை நண்பருக்கு: அந்தப் பழைய ஊசிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையால் அடித்துச் செய்தவை, பல அணிகலன்களாகவே இருந்தன. ஹண்டின் ஊக்கு ஒரே கம்பித் துண்டை வளைத்துச் செய்தது. சாதாரணக் குண்டூசியை எந்திரத்தால் செய்யும் முறைக்கு ஜான் அயர்லாந்து ஹோவ் 1832இல்தான் காப்புரிமை பெற்றார் என்பதை நினைவில் வைத்தால், சீரான மெல்லிய கம்பி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் ஊக்கு பிறந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. கூர்முனை விரலில் குத்தாதபடி மூடும் தொப்பி ஹண்டின் பங்களிப்பு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் 1830களிலேயே தையல் எந்திரம் ஒன்றைச் செய்துவிட்டு உரிய காலத்தில் காப்புரிமை வாங்காமல் விட்டவர் என்பதால், 400 டாலர் விற்பனை அவர் வாழ்க்கையில் தனி நிகழ்ச்சியும் அன்று.

மைக்கூடு

பந்துமுனைப் பேனா இந்த இழையின் கேள்விக்கென்றே பிறந்தது போன்றது. முனையில் சுழலும் குண்டு வைத்த எழுதுகோலுக்கு ஜான் லவுட் 1888இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். தோல் போன்ற கரடான பரப்பில் குறியிடுவதற்கு அது உதவியது. தாளில் எழுத உதவவில்லை. தடை எங்கே இருந்தது என்று பார்த்தால், குண்டில் இல்லை, மையில் இருந்தது. நீர்த்த மை ஒழுகியது. கெட்டியான மை அடைத்துக்கொண்டது. வெப்பநிலை மாறினால் இரண்டும் மாறின.

ஹங்கேரியப் பத்திரிகையாளரான லாஸ்லோ பீரோ அச்சக மை தாளில் பட்டவுடன் உலர்வதைக் கவனித்தார் என்பது வரை எல்லாக் கட்டுரைகளிலும் உண்டு. அந்த மை சாதாரணப் பேனாவில் இறங்காது என்பதால் வேதியியல் அறிந்த தம் சகோதரர் கியோர்கியோடு சேர்ந்து புதிய மைக்கலவைகளைத் தேட வேண்டியிருந்தது என்பதைப் பலர் எழுதுவதில்லை. 1938இல் முதல் காப்புரிமை. பிறகு போரின் காரணமாக அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்து அங்கே 1943இல் மேம்பட்ட வடிவத்துக்கு இன்னொன்று. உயரத்தில் பறக்கும்போது ஒழுகாத பேனா தேவைப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படை அதில் ஆர்வம் காட்டியது.

1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் மில்டன் ரேனால்ட்ஸின் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது பெருங்கூட்டம் திரண்டது. பீரோவின் உரிமைகளில் சிக்காமல் அவசரமாக வடிவமைத்த அந்தப் பேனா பின்னர் ஒழுகத் தொடங்கி, வாங்கியவர்களின் வெறுப்பையும் ஈட்டியது. ஒழுகாமலும் மலிவாகவும் கிடைத்த பேனா என்றால் அது 1950 டிசம்பரில் மார்செல் பிக் வெளியிட்ட ஒளிபுகும் உடல் கொண்ட பேனாதான். சுவிட்சர்லாந்தின் நுண்பொறித் திறனைப் பயன்படுத்திக் குண்டையும் அதன் குழியையும் மிகத் துல்லியமாக வெட்டியதால் மை அளவோடு இறங்கியது.

அந்தப் பேனாவின் உடலில் நடுவே ஒரு நுண்துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே உள்ள காற்றழுத்தமும் வெளியழுத்தமும் சமமாக இருப்பதற்காக அது வைக்கப்பட்டது. மூடியின் உச்சியில் உள்ள துளை வேறு காரணத்துக்கானது: குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்டால் முழுவதும் அடைபடாமல் காற்று செல்வதற்காக. அத்தகைய மூடிகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 11540 என்ற தர வரையறையே இருக்கிறது.

எதிர்வாதி

பேனா என்றவுடன் யாராவது விண்வெளிப் பேனாவைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அமெரிக்கர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து விண்வெளியில் எழுதும் பேனாவைக் கண்டுபிடித்தார்கள், ரஷ்யர்கள் பென்சிலைப் பயன்படுத்தினார்கள் என்று சுற்றிவரும் கதை பொய். அந்தப் பேனாவை உருவாக்கியவர் பால் ஃபிஷர் என்ற தனியார் பேனா உற்பத்தியாளர். செலவு அவருடைய சொந்தப் பணம். நாசா அதைச் சோதித்துவிட்டு அப்பல்லோ திட்டத்துக்காக விலைக்கு வாங்கியது. சோவியத் ஒன்றியமும் 1969இல் அதே பேனாவை வாங்கியது.

உண்மையில் மக்கள் கோபம் கொண்டது பென்சிலின் விலையைப் பார்த்துத்தான். நாசா 1965இல் 34 இயந்திரப் பென்சில்களை ஒவ்வொன்றும் 128.89 டாலர் கொடுத்து வாங்கிய செய்தி வெளிவந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மேலும் விண்கலத்தில் பென்சில் அவ்வளவு பாதுகாப்பானதும் அன்று: ஒடியும் முனை மிதந்து கண்ணில் படலாம், கிராஃபைட் தூள் மின்சாரத்தைக் கடத்தும், மரம் எரியும். சிக்கனத்தைப் போதிக்கும் கதையாக அதை மேடைகளில் சொல்பவர்கள் இவற்றில் எதையும் சொல்வதில்லை.

வழக்குக் கட்டு

பென்சிலைத் தொட்டுவிட்டதால் அதன் பின்முனையில் உள்ள அழிப்பானுக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கையும் இங்கே வைக்கிறேன்.

முதலில் பென்சில். இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் கிடைத்த கிராஃபைட் மிகத் தூய்மையானது. அப்படியே அறுத்து மரத்துக்குள் வைக்கலாம். போர் மூண்டு பிரான்சுக்கு அது கிடைக்காமல் போனபோது, நிக்கோலா ஜாக் கோந்தே மட்டமான கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுப் பார்த்தார். 1795இல் காப்புரிமை கிடைத்தது. பற்றாக்குறைக்கு மாற்றாகத் தொடங்கிய அந்த முறை மூலத்தைவிட மேலானதாக அமைந்துவிட்டது, ஏனெனில் களிமண்ணைக் கூட்டினால் கடினமான வெளிர்க் கோடும், குறைத்தால் மென்மையான கருங்கோடும் விரும்பியபடி கிடைத்தன. இன்றைய எச், பி தரப் பிரிவுகள் அந்தக் கலவை விகிதத்தைத்தான் குறிக்கின்றன.

அழிப்பான் வருவதற்கு முன் ரொட்டித் துணுக்கால் அழித்தார்கள். ரப்பர் துண்டு பென்சில் குறியை அழிக்கிறது என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் குறிப்பிட்டு, லண்டனில் எட்வர்ட் நெய்ர்ன் அதை விற்பதாகவும் எழுதினார். அரை அங்குலக் கட்டி ஒன்றின் விலை மூன்று ஷில்லிங். ஆனால் பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகி, குளிரில் விறைத்துவிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை நிலைப்படுத்தும் முறையை சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த பிறகே அழிப்பான் நம்பகமான பொருளாயிற்று.

1858 மார்ச் 30 அன்று ஹைமன் லிப்மன் ஒரு முனையில் கிராஃபைட்டும் மறுமுனையில் ரப்பரும் கொண்ட பென்சிலுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ரப்பர் இன்று போல் உலோக வளையத்தில் செருகியிருக்கவில்லை. மரத்துக்குள்ளேயே பதிந்திருந்தது, அதையும் சீவிக்கொள்ள வேண்டும். ஜோசப் ரெக்கண்டார்ஃபர் அந்த உரிமையை 1862இல் 1,00,000 டாலருக்கு வாங்கி, அனுமதியின்றி அவ்வகைப் பென்சில்களைத் தயாரித்த ஃபேபர் மீது வழக்குத் தொடுத்தார். 1875இல் தீர்ப்பு வந்தது. பென்சில் பென்சிலாகவே எழுதுகிறது, ரப்பர் ரப்பராகவே அழிக்கிறது. இரண்டும் சேர்ந்ததால் புதிய விளைவு எதுவும் தோன்றவில்லை. எனவே இது கண்டுபிடிப்பு அன்று என்று நீதிமன்றம் உரிமையைத் தள்ளுபடி செய்தது. 1,00,000 டாலர் போனது போனதுதான். தீர்ப்பின் தர்க்கத்தில் குறை காண்பது கடினம், ஆயினும் அந்தப் பென்சிலைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தீர்ப்புக்கு எதிராகவே வாக்களிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரக்கறை

பார்கோடு பற்றிச் சுருக்கமாக. மோர்ஸ் குறியீடு அறிந்திருந்த நார்மன் ஜோசப் உட்லண்ட் மயாமி கடற்கரை மணலில் புள்ளியையும் கோட்டையும் விரல்களால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தபோது எண்ணம் பிறந்தது. பெர்னார்ட் சில்வருடன் சேர்ந்து 1949இல் விண்ணப்பித்து 1952இல் காப்புரிமை பெற்றார். அதைப் படிக்க 500 வாட் விளக்கு வேண்டியிருந்தது. லேசர் இல்லை, சிறிய கணினி இல்லை. 1969இல் காப்புரிமைக் காலம் முடிந்தபோதும் கடைகளில் பார்கோடு கிடையாது. ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் மீது முதன்முதலாகக் கல்லாவில் ஒளி பாய்ந்தது 1974 ஜூன் 26 அன்று. பழம்பொருள் பிரியரின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

எதிர்வாதி

சான்று தெளிவானதுதான், ஆனால் முழுமையானது அன்று. லேசர் 1960இலேயே வந்துவிட்டது. மீதமிருந்த ஆண்டுகள் எங்கே போயின? உற்பத்தியாளர்களும் கடைக்காரர்களும் எல்லோருக்கும் பொதுவான ஒரே குறியீட்டுக்கு ஒப்புக்கொள்வதில் போயின. 1973இல்தான் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த செவ்வகக் குறி தேர்வாயிற்று. அச்சில் மை பரவினால் அதற்குப் போட்டியாக இருந்த வட்டக் குறி கெட்டுவிடும், நேர்கோடுகளோ நீளவாக்கில் மட்டுமே இழுபடும். எனவே ஒரு கேள்வி: கருவி, மூலப்பொருள் எல்லாம் தயாராக இருந்தும், மனிதர்களின் ஒப்புதல் ஒன்றுக்காக மட்டுமே காத்திருந்த பொருள் ஏதேனும் உண்டா?

அச்சகத்தார்

உண்டு. தாங்கள் அன்றாடம் தொடும் ஏ4 தாள்.

ஒரு தாளைக் குறுக்கே பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால், நீளம் அகலத்தைப் போல இரண்டின் வர்க்கமூல மடங்கு இருக்க வேண்டும். இதைக் கணிதப் பேராசிரியரும் அங்கதக் குறிப்புகளுக்குப் பெயர் பெற்றவருமான கேயார்க் லிஷ்டன்பெர்க் 1786இல் ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். பிரான்சில் 1798இல் முத்திரைத் தாள் வரிக்காக இயற்றிய சட்டம் ஒன்றில் இதே விகிதம் கொண்ட அளவுகள் இடம்பெற்று, பிறகு வழக்கொழிந்தன. வெட்டும் கத்தி இருந்தது, தாள் இருந்தது, கணக்கும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஆலையும் தன் அளவிலேயே தாள் செய்துகொண்டிருந்தது. வால்ட்டர் போர்ஸ்ட்மன் வகுத்த அளவுகள் ஜெர்மனியின் தரமாக ஏற்கப்பட்டது 1922இல். உலகத் தரமாக ஆனது 1975இல். வட அமெரிக்கா இன்னும் ஏற்கவில்லை என்பதால் காத்திருப்பு முடிந்ததாகவும் சொல்ல முடியாது.

போர்ஸ்ட்மன் ஏ0 தாளின் பரப்பை ஒரு சதுர மீட்டர் என்று நிறுத்தியதால், அதை நான்கு முறை பாதியாக்கினால் கிடைக்கும் ஏ4 சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே, சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால், ஒரு தாளின் எடை 5 கிராம். தபாலில் அனுப்பும் கட்டை நிறுக்காமலே எங்கள் தொழிலில் எடை சொல்லிவிடுவோம்.

சோதனைக்குழாய்

அச்சகத்தார் ஐயாவுக்கு ஒரு சந்தேகம். நகலெடுக்கும் எந்திரத்தில் 50 விழுக்காடு என்றில்லாமல் 71 விழுக்காடு, 141 விழுக்காடு என்று விந்தையான எண்கள் முன்கூட்டியே அமைந்திருப்பதும் இதனால்தானா?

அச்சகத்தார்

ஆம். ஏ3 பக்கத்தை ஏ4 ஆகச் சுருக்கும்போது பரப்புதான் பாதியாகிறது. நீளமும் அகலமும் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபட்டு ஏறத்தாழ 0.71 பங்காகின்றன. பெரிதாக்கும்போது அதுவே 1.41 மடங்கு. வட அமெரிக்கத் தாள் அளவுகளில் இதைச் செய்து பாருங்கள்: ஒரு பெரிய பக்கத்தைப் பாதிப் பரப்புள்ள தாளுக்குள் அடக்கினால் வடிவம் பொருந்தாமல் ஒரு பக்கம் வெற்று ஓரம் மிஞ்சும்.